தம்பி அடுக்கியது

பேரங்காடிகளில் கம்பெனிச் சட்டை போட்ட பிள்ளைகள் அலமாரிக்கு முன்னால் குந்தியிருந்து, டப்பாக்களின் பெயர் வெளியே தெரியும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பதை இப்போது பார்க்கிறேன். மெர்ச்சண்டைசர் என்று அந்த வேலைக்குப் பெயர். ஐம்பதுகளில் நானும் அதே வேலையைத்தான் செய்தேன். என் நியமனக் கடிதத்தில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. கடைக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "டின் அடுக்குறவரு வந்துட்டாரு" என்பார்கள். அது சரியான பெயர்தான்.

கெட்டிப்பால் விற்கும் கம்பெனி அது. விற்பதும் பணம் வாங்குவதும் வேறு ஆட்களின் பொறுப்பு. கடைக்குள் நுழைகிறவர் கண்ணில் எங்கள் டின் முதலில் பட வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். தெமியாங்கில் அம்மாவோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். வயது இருபத்து நான்கு. சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்திருந்தேன். வயதைச் சாக்காகச் சொல்லலாம். படிப்பைச் சொல்ல முடியாது. படிப்பு இல்லாதிருந்தால் நான் செய்ததைச் செய்திருக்கவே முடியாது.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கையில் ஒரு பிடி சோறு எடுத்துப் போக முடியாது. கேட்டில் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். தோட்டத்துக் கடை ஒவ்வொன்றுக்கும் இத்தனை டின்தான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு. விற்கும்போது வாங்குகிறவர் கண் முன்னாலேயே டின்னின் மேல்மூடியில் இரண்டு துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். துளை போட்ட பால் காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் என் வேலை கேலிக்கூத்தாகிவிட்டது. பன்னிரண்டு டின்னை வைத்துக்கொண்டு எதை அடுக்குவது? மந்தினில், சிரம்பானில், பட்டணத்துக் கடைகளில் ஆள் உயரத்துக்கு அடுக்குவேன். தோட்டக் கடைகளில் பலகை வெறிச்சென்று கிடக்கும். எங்கள் கம்பெனித் துரைக்கு அது பிடிக்கவில்லை. தோட்டக் கடைகளையும் சுற்றிப் பார்க்கப் போவதாகவும், நன்றாக அடுக்கியிருக்கும் கடையைப் படம் பிடிக்கப் போவதாகவும் சொன்னார். மாநிலம் முழுவதற்கும் ஒரு மேற்பார்வையாளரைப் போடவிருந்த நேரம் அது. எனக்கு அந்த வேலை வேண்டும்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். தீர்ந்துபோன டின்களைச் சேகரித்து, வெந்நீரில் ஊறவைத்துப் பெயர்த் தாளை உரித்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்ப்பேன். துளை அடியில் போய்விடும். துளையில்லாத அடிப்பாகம் மேலே வரும். அச்சகத்தில் மிச்சமான புதுத் தாளை, எழுத்து நேராகத் தெரியும்படி ஒட்டிவிட்டால் புது டின்தான். யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதை நினைத்து நான் மிகவும் பெருமைப்பட்டேன்.

பெடாஸைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு தோட்டத்துக் கடையைத் துரையின் படத்துக்காகத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். இந்தியாவில் தம் ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மலாய் பத்துச் சொல் தெரியும், ஆங்கிலம் கிடையாது. நான் அவரை அண்ணே என்பேன். அவருக்கு நான் தம்பி. சட்டம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். டின்னை எடுத்ததும் முதலில் ஆணியை வைத்து இரண்டு அடி அடிப்பார். அதற்குப் பிறகுதான் விலையைச் சொல்வார். "ஓட்ட போடாம இந்தக் கடைய விட்டு ஒரு டின்னு போகாது தம்பி. போச்சுன்னா அது கூடவே நானும் போகணும்" என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

முதல் தடவை அவர் கடையில் அடுக்கிய கோபுரம், தோட்டத்து லாரி ஒன்று வாசலில் போன அதிர்ச்சியிலேயே சரிந்து விழுந்தது. பலகைத் தரை. காலி டின்னுக்குக் கனமில்லை. அடி வரிசை மட்டும் கனமாக இருந்தால் நிற்கும் என்று தெரிந்தது. மணல் நிரப்பியிருக்கலாம். துளை வழியாக ஒழுகும், துளையை மெழுகு வைத்து அடைக்க வேண்டும், அதற்கு அரை நாள் போகும். என் பெட்டியில் பட்டணத்துக் கடைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த சாம்பிள் டின்கள் இருந்தன. துளையில்லாத நிறை டின்கள். அவற்றைத் தோட்ட வேலிக்குள் கொண்டுபோகவே கூடாது என்று கம்பெனியில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

துரை வருவதற்கு முந்திய நாள் காலையில் கம்பெனி வேன் என்னைத் தோட்டத்துக் கேட்டில் இறக்கிவிட்டு தம்பின் ஊர்ப் பக்கம் போனது. என்னிடம் இரண்டு பெட்டிகள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் மேலாக இருந்த டின்களைப் புரட்டித் துளைகளைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். இரண்டாவது பெட்டியின் அடியில் எட்டு நிறை டின்கள் இருந்தன. அவற்றுக்கும் தாளை உரித்துத் தலைகீழாக ஒட்டியிருந்தேன். மற்ற டின்களோடு பார்வைக்குப் பொருந்த வேண்டும் அல்லவா.

கடைக்காரர் பெட்டிகளைப் பார்த்ததும் கேட்டார். "எல்லாம் காலிதானே தம்பி?"

"எல்லாம் காலிண்ணே."

அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருப்பார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

அவர் உள்ளே அரிசி மூட்டையைப் பார்க்கப் போன நேரத்தில் அடி வரிசையை வைத்து முடித்தேன். அதன்மேல் ஏழு, அதன்மேல் ஆறு, இப்படியே உச்சியில் ஒன்று. வேலை முடிந்து திரும்பிய பால்வெட்டும் அம்மாள் ஒருத்தி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னா தம்பி, பால் டின்லயே கோபுரம் கட்டுறீங்க? கும்பாபிஷேகம் எப்போ?"

"நாளைக்கு. தொரை வந்து படம் புடிக்கிறாரு."

"அப்ப நானும் சீலை மாத்திக்கிட்டு வந்து நிக்கிறேன்லா. ஓட்ட டின்னுக்கே இவ்ளோ சோடன, எனக்கு என்னா கொறச்சல்?"

கடைக்காரர் சிரித்தார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் கோபுரத்தை லேசாகத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

பகல் இரண்டு மணி இருக்கும். போலீஸ் லாரி வந்து வாசலில் நின்றது. உணவுக் கட்டுப்பாட்டுச் சோதனை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், கையில் பிரம்பு. கூடவே நான்கைந்து மலாய்க் கான்ஸ்டபிள்கள். அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் இன்னொரு லாரியோடு வேறு தோட்டத்துக்குப் போயிருந்தார். அதிகாரி என் கழுத்துப் பட்டையைப் பார்த்தார். ஆங்கிலம் பேசுவாயா என்று கேட்டார். பேசுவேன் என்றேன். நல்லது, இங்கே வந்து நில் என்றார்.

நான் யார், எதற்கு அங்கே இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்தக் கடைக்கு எத்தனை டின் என்று கேட்டார். கடைக்காரர் பன்னிரண்டு என்றார். பலகையில் இருந்த பன்னிரண்டையும் காட்டினார். அதிகாரி பிரம்பால் கோபுரத்தைச் சுட்டினார்.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் காலி டின்னு தொரை! கோசோங்! கோசோங்!" என்று தமக்குத் தெரிந்த மலாய்ச் சொல்லையும் சேர்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து, "சொல்லுங்க தம்பி" என்றார்.

எல்லாமே காலி, ஐயா, என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி உச்சியில் இருந்த டின்னைப் பிரம்பால் தட்டினார். டண் என்றது. எடுத்துத் திருப்பினார். துளைகளைப் பார்த்ததும் அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அடுத்த வரிசையைத் தட்டினார். டண், டண். அடுத்தது. அவர் ஒவ்வொரு வரிசையாகக் கீழே வந்துகொண்டிருந்தார். நான் மனத்துக்குள் ஒரு வாக்கியத்தை அமைத்தேன். ஐயா, அடி வரிசை என்னுடைய சாம்பிள் டின்கள், கடைக்காரருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இலக்கணப் பிழையில்லாமல் அமைத்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்வதற்கு முன் ஒத்திகை பார்ப்பதுபோல இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. வேலிக்குள் நிறை டின் கொண்டுவந்தவனை கோர்ட்டு வழக்கே இல்லாமல் உள்ளே வைக்கலாம் என்பது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான்காவது வரிசையோடு அதிகாரி நிறுத்திவிட்டார். பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

போகிற போக்கில், விளையாட்டாக, பூட்சு நுனியால் கோபுரத்தின் அடியில் ஓர் உதை விட்டார். சரிந்து விழும் என்று நினைத்திருப்பார். மேலே இரண்டு டின்கள் ஆடின. அடி அசையவில்லை.

அவர் நின்றார். குனிந்தார். அடி வரிசையின் முதல் டின்னைத் தட்டினார். சத்தம் வரவில்லை. இரண்டாவது. மூன்றாவது. எட்டையும் தட்டினார். பிறகு அவரே ஒன்றை உருவினார். கோபுரம் முழுவதும் கடகடவென்று தரையில் கொட்டியது. அந்தச் சத்தத்தில் உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி ஓடி வந்தாள்.

துளையில்லாத டின்கள். தலைகீழாக ஒட்டிய தாள். காலி டின்களுக்கு அடியில் ஒளித்து வைத்தவை. பார்க்கிறவர் வேறு என்ன நினைப்பார்? ஒரு கான்ஸ்டபிள் கடைக்காரரின் கைகளைப் பின்னால் சேர்த்துப் பிடித்தான். அவர் முகத்தில் பயம் வரவில்லை. ஒன்றும் புரியாத முகம்தான்.

இதை அடுக்கியது யார் என்று கேள், என்றார் அதிகாரி.

"இத அடுக்குனது யாருன்னு கேக்குறாரு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அப்போது அவர் முகம் தெளிந்தது. "தம்பிதானே அடுக்குச்சு! தம்பியவே கேக்கச் சொல்லுங்க. என்னா ஏதுன்னு தம்பி சொல்லிரும்."

எதிரில் நிற்கிற இளையவனை 'நீ' என்று சொல்ல மனமில்லாமல், 'தம்பி சாப்பிட்டுச்சா', 'தம்பி எப்ப வந்துச்சு' என்று பேசுவது நம்மவர் வழக்கம். மரியாதையும் பிரியமும் சேர்ந்த பேச்சு. அவர் கை பின்னால் இருந்தது. என்னைச் சுட்டிக் காட்ட முடியவில்லை. சுட்டிக் காட்டியிருக்கவும் மாட்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: அவருடைய இளைய சகோதரன் அடுக்கினானாம், ஐயா. சகோதரனைக் கேட்கச் சொல்கிறார்.

அந்தச் சகோதரன் எங்கே என்று அதிகாரி கேட்டார். குரல் மாறிவிட்டது.

"ஒங்க தம்பி எங்கன்னு கேக்குறாரு."

"எனக்கு ஏது தம்பி? நான் ஒத்தப் புள்ள." அதைச் சொல்லி முடிக்கும்போதே அவருக்கு ஏதோ உறைத்தது. "தம்பி, அவருகிட்ட என்னா சொன்னீங்க?"

தமக்குச் சகோதரனே இல்லை, ஒரே பிள்ளை என்கிறார், ஐயா, என்றேன். கடைசியாக அவர் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரி குறிப்பேட்டை எடுத்து எழுதினார். முதலில் தம்பி அடுக்கினான் என்கிறான். தம்பி எங்கே என்றால், தம்பியே இல்லை என்கிறான். காட்டில் தம்பி வைத்திருக்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்? இரண்டு பதிலும் கடைக்காரர் சொன்னவைதான். நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அகராதியை வைத்துப் பார்த்தால் என்மேல் குற்றமே கிடையாது.

வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. காலையில் கேலி பேசிய பால்வெட்டும் அம்மாள் முன்னால் வந்து கத்தினாள். "தம்பி, நீங்கதானே அடுக்குனீங்க! என் கண்ணால பாத்தேன்லா! ஏன் வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க? சொல்லுங்க!"

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார்.

கடையை எப்போது திறப்பார்கள், அரிசி வாங்க வேண்டும் என்கிறாள், என்றேன்.

இது மொழிபெயர்ப்பே இல்லை. முழுப் பொய். முதல் இரண்டுக்கும் ஏதாவது சமாதானம் கற்பித்துக்கொள்ள முடிந்தது. இதற்கு இன்றுவரை முடியவில்லை. கான்ஸ்டபிள் அவளைத் தள்ளிக்கொண்டுபோய் வேலியோரம் விட்டான்.

கடைக்காரரை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது மனைவியிடம் சொன்னார்: "நீ அழுவாத. தம்பி இங்கதானே இருக்கு. பேசிரும்." அவள் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அதிகாரி எனக்கு நன்றி சொன்னார்.

மாலையில் வேன் வந்தது. சிரம்பான் போனதும் அலுவலகத்தில் உட்கார்ந்து என் தினக் குறிப்பை எழுதினேன். எட்டுச் சாம்பிள் டின்களும் மந்தினில் ஒரு கடையில் திறந்து வாடிக்கையாளர்களுக்குச் சுவை பார்க்கக் கொடுக்கப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து அழகாகவே இருந்தது. போலீசிலிருந்து கம்பெனியைக் கேட்டபோது அந்தத் தாளைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தாராம். டின் கம்பெனிக்காரர் அடுக்கியது என்று கடைக்காரர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது தடவையாகப் பேச்சை மாற்றுகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

துரை படம் பிடிக்க வேறு தோட்டத்துக்குப் போனார். மேற்பார்வையாளர் வேலை எனக்குக் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரரின் மனைவி தெமியாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தனியாகப் பஸ் ஏறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தாள். என்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். வந்ததும் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு முந்தானையில் முடிந்திருந்த ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். மனு எழுதுபவர் ஒருவர் ஆங்கிலத்தில் தட்டெழுதியது.

"என்னா எழுதிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க தம்பி. சரியா எழுதிருக்கானா, இல்ல துட்டுக்கு ஏதாச்சும் கிறுக்கிருக்கானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

படித்துச் சொன்னேன். மூன்றே வரிகள். இந்தத் தடவை சரியாக மொழிபெயர்த்தேன்.

"ஆமா. அதான் நடந்தது" என்றாள். "கீழ ஒங்க கையெழுத்து வேணுமாம். கப்பல் ஏத்துறதுக்குள்ள குடுத்துட்டா விட்டுருவாங்கன்னு சொல்றாங்க. ஊருக்கு அனுப்பிட்டா அவரு திரும்பி வரவே முடியாதாம்."

"கம்பெனியில கேக்கணும் அக்கா. அவங்க அனுமதி இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது."

"கம்பெனியா தம்பி அடுக்குச்சு?"

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் தாளை வந்தவளிடமே நீட்டினேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு ஒங்கள ஒண்ணும் தப்பாச் சொல்லல. பாக்கப் போனப்பகூடக் கேட்டாரு, தம்பி வந்துச்சான்னு. பயந்திருக்கும், சின்னப் புள்ளைதானே, வந்துரும்னு சொன்னாரு."

"வைங்க. ரெண்டு நாள்ல போட்டு அனுப்புறேன்."

அவள் நம்பினாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் தாளை மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு எழுந்தாள். பஸ் நிற்கும் இடம்வரை நான் கூடப் போகவில்லை. அவள் போனதும் அம்மா கேட்டாள், "நீயாடா அடுக்குன?" வேலை விஷயம், உனக்குப் புரியாது என்றேன்.

அன்று கையெழுத்துப் போட்டிருந்தால் என்னைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்களோ என்னவோ. கம்பெனி வக்கீல் வைத்திருக்கும். என் ஆங்கிலமும் இருந்தது. வேலை போயிருக்கும், சில மாதம் உள்ளே இருந்திருக்கலாம். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். கடைக்குள் பிரம்புக்கு முன்னால் நின்றபோது பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், சொந்த வீட்டில், பேனா சட்டைப்பையில் இருந்தபோது அதைச் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் கடைக்காரரைக் கப்பலேற்றினார்கள். அவளும் கூடப் போனாள். கடையை வேறொருவர் எடுத்தார். பல வருடம் அந்தத் தோட்டத்துக்கு என் கீழ் வேலை செய்தவர்களைத்தான் அனுப்பினேன். அவர்கள் திரும்பி வந்து, பால்வெட்டும் அம்மாள் ஒருத்தி தினமும் கேட்பதாகச் சொல்வார்கள்: "கும்பாபிஷேகத்துக்குத் தேதி குறிச்சாச்சான்னு ஒங்க பெரியவருகிட்ட கேளுங்கலா." அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. குவளை வைத்த வட்டம் இன்னும் தெரிகிறது. அவசரகாலம் முடிந்துவிட்டது என்று அறிவித்த வாரத்தில் அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை. அவர்களுடைய ஊர்ப் பெயரை நான் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அதில் இருக்கும் மூன்று வரிகளையும் தமிழில் தருகிறேன். டின்களை அடுக்கியது நான். அடி வரிசையில் இருந்த எட்டு டின்களும் நான் கொண்டுவந்தவை. கடைக்காரருக்கு அது தெரியாது.